அமைச்சர் பதிலின் இரண்டாம் பாதி

மைசூர் மைன்ஸ்,
கே.ஜி.எஃப்.
ஞாயிறு மதியம்

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். வீடும் சுகம்தான், சமையலறை மூலையில் ஒழுகும் இடத்தைத் தவிர. டில்லிக் குளிரில் உன் தொண்டை எப்படி இருக்கிறதோ, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் சரிம்மா என்று வைத்துவிடுவாய். இப்போது எடுப்பதே இல்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மட்டும் செய்தி வருகிறது, ராத்திரி பத்து மணிக்கு என்ன மீட்டிங். அதனால்தான் கடிதம். தட்டையோடும் இட்லிப் பொடியோடும் பார்சலில் வருகிறது. தட்டையைப் பிரிக்கும் முன் இதைப் படித்து முடி.

திங்கட்கிழமை நடந்ததை நான் பார்த்த மாதிரி சொல்கிறேன். நீ இருந்தது உள்ளே, பார்லிமென்டில் மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடி அறையில், காதில் ஒருவர் இந்தியில் பேச, வாயில் தமிழில் நீ பேச. நாங்கள் இருந்தது வெளியே, நம் முன்னறையில். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய நம் லைன் வீடுகளைப் பற்றிய கேள்வி அன்றைக்குப் பட்டியலில் இருக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா தரையில் நடக்கவில்லை. கண்ணில் பட்டவரை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். நான் பெங்களூர் வேலைக்கு லீவு சொன்னேன், அதிகாலை ரயில் இல்லாத திங்கட்கிழமை விநோதமாக இருந்தது. அப்பா சவரம் செய்து, உன் கல்யாணப் பேச்சுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜூடித் அக்கா தன் போனை டிவியோடு இணைத்து மொழியைத் தமிழுக்கு மாற்றினாள். எதிர் வீட்டுப் பார்வதம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள், அரிசியும் பார்ப்பாளாம் பார்லிமென்டும் பார்ப்பாளாம்.

பதினோரு மணிக்கு அவை கூடியது. இறந்துபோன பழைய உறுப்பினர் ஒருவருக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்பாவும் எழுந்து நின்றார், அவர் நின்றதால் நாங்களும் நின்றோம். பிறகு கேள்வி நேரம். முதலில் ஒரு ஆண் குரல் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தது. அப்பா, இவன் யாரு, நம்ம பொண்ணு எங்க, என்று பொறுமை இழந்தார். நீங்கள் மாற்றி மாற்றித்தான் உட்காருவீர்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. நம் கேள்வி வந்த நேரத்தில் குரல் மாறியது. நீ. முறம் நின்றது.

கேள்வி கேட்ட உறுப்பினர் நன்றாகத்தான் கேட்டார். சுரங்கம் மூடிப் போன பிறகும் அதே வீடுகளில் இருக்கிறார்கள், கூரையை அவர்களே மாற்றுகிறார்கள், சுவரை அவர்களே பூசுகிறார்கள், வீடு மட்டும் அவர்கள் பெயரில் இல்லை, எப்போது தருவீர்கள். இதை எல்லாம் உன் குரலில் கேட்டபோது, நம் வீட்டுச் சண்டையை நீ ஊர் நடுவில் எடுத்து வைத்த மாதிரி இருந்தது எனக்கு. பெருமைதான். அமைச்சர் எழுந்தார். வேறு ஏதோ விவகாரத்துக்காக ஒரு கூட்டம் பதாகையோடு நடுவே வந்து கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே நீ சொன்னாய், அந்த வீடுகளை இப்போது குடியிருப்பவர்கள் பெயருக்கு மாற்றித் தர இயலாது.

அவ்வளவுதான். அறை வெடித்தது. பார்வதம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னா அம்சா, இந்த வீட்டுச் சோறு தின்னு வளந்த பொண்ணு, வீடே இல்லன்றா, என்றாள். ஜூடித் அக்கா, அவ இன்னா பண்ணுவா, அந்த ஆளு சொல்றத சொல்றா, என்றாள். அதுக்கு இம்மாம் தெளிவா சொல்லணுமா, கொஞ்சம் முழுங்கக் கூடாதா, என்று பார்வதம்மா. சிரிப்பும் திட்டும் ஒன்றாக. அப்பா எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சபையும் மதியம்வரை ஒத்திவைக்கப்பட்டது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

நான் மட்டும் மதியம் முழுவதும் டிவி முன்னால் இருந்தேன். பாதி காலி நாற்காலிகள். ஒரு மசோதா, படகுகளைப் பற்றி, யாரும் சண்டை போடாமலே நிறைவேறியது. ஒருவர் தன் ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்று கெஞ்சினார், அது உன் குரல். இன்னொருவர் வெங்காய விலைக்காகக் கோபப்பட்டார், அதுவும் உன் குரல். சாயங்காலம் ஒருவர் யாருக்கோ நன்றி சொன்னார், நீதான். காலையில் இல்லை என்று சொன்ன அதே வாய். அப்போதுதான் உன் வேலை எனக்குப் புரிந்தது அனு. இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், புரியாமலே.

அன்றிரவு நீ போன் செய்தாய். என் வீட்டை இல்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன், இனி அந்த அறையில் உட்கார மாட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். நான் ஒன்று சொல்ல வந்தேன், நீ அழுதாய். அழுகிறவளிடம் விளக்கம் சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன். எனக்கே முழு நிச்சயமும் இல்லை. இப்போது இருக்கிறது. சொல்கிறேன், கேள்.

இயலாது என்றதோடு நீ நிறுத்தவில்லை. அறையில் எல்லாரும் கத்தியபோது நான் டிவியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், அமைச்சருக்காக இல்லை, உனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்க. இயலாது என்ற இடத்தில் குரல் உடைந்தது. சளியா அழுகையா என்று காது கொடுத்தேன். அதற்குப் பிறகும் நீ பேசினாய். பேசி முடித்ததும் எல்லாம் அழிந்துவிடும், ஒன்றும் நினைவிருக்காது என்று முன்பே சொல்லியிருக்கிறாயே. உனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் அழியவில்லை. மீதியை நான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் அந்த மீதியை அப்பாவிடம் சொன்னேன். உம் பொண்ணுக்காகச் சொல்ற, என்றார். ஜூடித் அக்கா அன்றைய ஒளிபரப்பைத் தேடி எடுத்துக்கொடுத்தாள். டிவி வேண்டாம் என்று போனைக் காதில் வைத்துக் கேட்டார், நல்ல காதில். அதில் உன் குரல், மாநில அரசு அந்த வீடுகளை அளந்து அனுப்பினால், அடுத்த கூட்டத்தொடரிலேயே முடிவு இந்த அவையில் வைக்கப்படும். சத்தத்துக்கு நடுவில் ஒரு எழுத்தைக்கூட நீ விழுங்கவில்லை. மறுபடி போடு என்றார். மறுபடி. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு, அந்தக் கேஜுக்கு, மணி அடிக்கிறவராக இருபது வருஷம் இருந்தவர் இல்லையா. ஒரு மணி கேட்டால் நில், நின்று அடுத்தது வருகிறதா என்று கேள், முழுசாகக் கேட்காமல் கேஜை நகர்த்தினால் ஆள் போய்விடும், இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். மொத மணிக்கே நகந்தவன் நாந்தான்டீ, என்றார். சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்து வைத்தார்.

அதோடு விடவில்லை. புதன்கிழமை லைன் பெண்கள் ஒன்பது பேர் வீடுகளை அளக்கச் சொல்லித் தாலுகா ஆபீசுக்குப் போனோம். பத்திரிகையில் கிடையாது என்றுதானே வந்திருக்கிறது, அளக்கச் சொன்னது யார் என்று அங்கே கேட்டார்கள். ஜூடித் அக்கா போனை மேசைமேல் வைத்து உன்னைப் பேசவிட்டாள். அந்த அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை. பார்வதம்மாதான் வாக்கியம் வாக்கியமாகக் கன்னடத்தில் சொன்னாள். மந்திரி சொன்னது இது, சொல்றது எங்க பொண்ணு, தப்பா சொல்ல மாட்டா, என்றாள். எங்க பொண்ணாம். திங்கட்கிழமை திட்டியவள். அப்புறம் என்னைப் பார்த்து, இன்னா பாக்கற, நானுந்தான் இப்ப உம் பொண்ணு வேலை பாக்கறேன், சம்பளம் எப்ப, என்று கேட்டாள்.

அந்த அதிகாரி நல்ல மனுஷன். கேட்டதைக் குறித்துக்கொண்டார். நேற்று, சனிக்கிழமை, நில அளவைக்காரர்கள் இரண்டு பேர் டேப்போடு வந்துவிட்டார்கள். நம் வீட்டில்தான் தொடங்கினார்கள். ஒரு முனையை அப்பாவே பிடித்துக்கொண்டார், யாரிடமும் கொடுக்கவில்லை. ஒழுகும் மூலையையும் அளந்தார்கள். வாசல் சுவரில் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு எண் எழுதிவிட்டுப் போனார்கள். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டுமாம், அப்பாவின் உத்தரவு.

இனி நீ. வேலையை விடாதே. அம்மா கெஞ்சவில்லை, சொல்கிறேன். நீ அந்த இல்லையை மென்று முழுங்கியிருந்தால் அதன் பின்னால் வந்ததும் போயிருக்கும். பார்வதம்மா கேட்ட மாதிரிக் கொஞ்சம் முழுங்கியிருந்தால் நேற்று டேப் வந்திருக்காது. அளவு போய்ச் சேர்ந்தால் பட்ஜெட் கூட்டத்தொடரில் பதில் வரும். தருகிறோம் என்றும் வரலாம், தர மாட்டோம் என்றும் வரலாம். தருவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதுவானாலும் அன்றைக்கு அந்த அறையில் நீ இருக்க வேண்டும். இப்போதே லீவு சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா இந்த முறை, பதில் முழுசாக முடியும்வரை வாய் திறக்காதவர்கள் மட்டும் வரலாம் என்று லைன் முழுக்க அறிவித்துவிட்டார்.

நம் குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும். நீண்ட ஆயுசும், உடையாத குரலும் உனக்கு வாய்க்கட்டும் கண்ணு. ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. திங்கட்கிழமை உன் குரலில் இருந்தது அழுகை மட்டுமில்லை, சளியும்தான், அதையும் கேட்டுவிட்டேன்.

பதிலை முழுசாகக் கேட்டவள்,
உன் அம்மா
அம்சவேணி