தலைப்பெட்டி

நவம்பர் 12

பூனை மச்சான்,

மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவி வைஃபை பெட்டி மாட்டுகிற உங்களுக்கு நான் வைத்த பேர். மூன்று மாசத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர், நடந்து திரும்பவில்லை.

நான் இத்தாவில் இருக்கிறேன், புருஷன் போனவளுக்கு நாலு மாசம் பத்து நாள். அறைக்குப் படுதா போட்டிருக்கிறது. இத்தா முடியும்வரை வெளி ஆம்பளைகள் முன்னால் வரக்கூடாது. படுதாவுக்கு உள்ளே நானும், அலமாரியில் உங்கள் கன்ட்ரோலரும். இந்தத் தெரு லாட்ஜுகளில் நீங்கள் மாட்டிய அத்தனை பெட்டிக்கும் அதுதான் தலை என்பீர்கள். தலைப்பெட்டி. அஞ்சாவது படித்தவளுக்கு அவ்வளவுதான் புரிந்தது.

பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு விஷயம் தெரியாது.

நவம்பர் 14

லாட்ஜ்காரர் கலியமூர்த்தி படுதாவுக்கு வெளியே நின்று சொன்னார். "புது பிளாக்குக்கு வேற பெட்டி வாங்கி மாட்டியாச்சு, ஒண்ணும் வேல செய்யல. தங்கிப் படிக்கிற பசங்களுக்குப் பரீட்ச. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாவலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டு வேற கம்பெனிக்குக் குடுத்துடுவேன். மன்னிச்சுக்கம்மா."

கழட்டுவதா? மழையில் நனைந்துகொண்டு நீங்கள் அடித்த ஆணி ஒவ்வொன்றும். எப்படிக் கை வரும் அவுங்களுக்கு?

நவம்பர் 15

நாள் முழுக்க விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 16

கடலூரிலிருந்து உங்கள் கூட்டாளி பாலகுமார் வந்தார். தலைப்பெட்டியில் லேப்டாப்பைக் கம்பியால் மாட்டித்தான் எதையும் மாற்ற முடியுமாம். கம்பியோ ஒரு முழம். பெட்டியை வெளியே எடுத்தால் தெரு முழுக்க நெட் நின்றுபோகும். அவரோ உள்ளே வரக்கூடாது.

உங்கள் உம்மா, என் மாமி, நடுவில் உட்கார்ந்துகொண்டார். "தேவைக்குப் பேசலாம், தப்பில்ல. நீ வெளிய இருந்து சொல்லுப்பா, அவ அமுக்கட்டும்."

லேப்டாப் படுதாவுக்கு அடியில் நகர்ந்து வந்தது.

"அக்கா, புதுப் பெட்டிங்க வாசல்லயே நிக்குதுங்க. உள்ள வர ஒண்ணொண்ணுக்கும் ஒரு நம்பர் வேணும். பாய் ஆரம்பத்துல கொஞ்சம் நம்பர்தான் ஒதுக்கி வச்சிருக்காரு. அதை ஜாஸ்தி பண்ணணும்."

"விருந்துல சஹன் பத்தலன்றியா?" என்றார் மாமி.

"அதேதாம்மா. தட்டு பத்தல, ஆளுங்க வந்துட்டாங்க."

அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் தேடித் தேடி அமுக்கினேன். "இன்னும் கெடைக்கலியாடி?" என்று மாமி. பதற்றத்தில், சேவ் பண்ணச் சொல்வதற்குள் வேறு எதையோ அமுக்கிவிட்டேன்.

பச்சை விளக்கு அணைந்தது. தெரு முழுக்கப் பையன்கள் 'ஓ'வென்று கத்தினார்கள். அல்லாஹ் — என்ன செஞ்சுட்டேன் நான்? மச்சான் வச்சிட்டுப் போனதையும் கொன்னுட்டேனா?

"பயப்படாதீங்கக்கா. சாவல. தானே எழுந்துக்கும்."

எழுந்தது! பண்ணியது மட்டும் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சேவ் பண்ணினேன்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவேன்? எந்த மாடியிலோ தொங்குகிற பெட்டி, நான் கண்ணால் பார்த்தே இராத பெட்டி, அறையை விட்டு வெளியே வராத என்னிடம் வந்து 'வரட்டுமா' என்று கேட்கிறது. அமுக்கினேன். வந்தது. அடுத்தது கேட்டது. அதுவும் வந்தது. வரிவரியாக லேப்டாப் நிறைந்துகொண்டே போனது. சுப்ஹானல்லாஹ். காற்றில் இத்தனை பேச்சு நடக்கிற வீட்டிலா இத்தனை வருஷம் நான் சோறாக்கினேன்?

"என் புள்ள பாத்த வேலையாடி இது?" என்றார் மாமி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நவம்பர் 17

கலியமூர்த்தி வந்தார். "எல்லாம் எடுக்குதும்மா. கழட்டல, இருக்கட்டும். இனிமே எது நின்னாலும் ஒனக்குத்தான் போன் போடுவேன், ஆமா."

டிசம்பர் 14

இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, தெருவுக்கு வந்தேன். வெயிலில் கண் கூசியது.

போனுக்கு ரீசார்ஜ் பண்ணவில்லை, வைஃபைதான். கடலூர்த் தங்கச்சியோடு பேசிக்கொண்டே நடந்தேன். 'நடந்துபோனா ஒரு பெட்டி அடுத்த பெட்டிகிட்டக் கைமாத்தி விடும்' என்று சொன்னீர்களே, எங்கே கை மாறியது என்று தெரியவே இல்லை, மச்சான். ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. அங்கேயா தாவினீங்க?

பள்ளிவாசலுக்குப் பின்னால், கபரஸ்தான் மதில் பக்கம் வந்ததும் தங்கச்சி குரல் விட்டுவிட்டு வந்தது. அப்புறம் நின்றுபோனது. கடைசிப் பெட்டி அவ்வளவு தூரம் எட்டாது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் நீங்கள்.

தலைப்பெட்டியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறதாம், பாலகுமார் சொன்னார். ஆணி அடிக்க எனக்கும் தெரியும்.

இந்த மதில் மேல ஒண்ணு மாட்டுனா, எந்தப் பக்கம் பாக்க மாட்டணும் மச்சான்?