நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம்

கரமனை, திருவனந்தபுரம்
அக்டோபர் 14, செவ்வாய்

அத்தானுக்கு அனந்தலக்ஷ்மி வணங்கி எழுதுவது.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு நம் ஆதிராவின் பள்ளிக்கூடத்தில், பிரின்சிபால் அறையில் இருந்தவர்கள்: பிரின்சிபால் அம்மா, ஆபீஸ் கிளார்க், கிருஷ்ணகுமார், அவர் மனைவி பிரேமா, புகாரில் கையெழுத்துப் போட்ட மற்ற தாய்மார் மூன்று பேர், ரோஸ் டீச்சர், நான். ஆக ஒன்பது பேர். பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. இத்தனைக்கும் காரணமான புத்தகம் மேஜைமேல் இல்லை. அது என் பையில் இருந்தது. ஒன்பது பேரில் அதை முழுக்கப் படித்தவர்கள் டீச்சரும் நானும்தான்.

கிருஷ்ணகுமார் இதற்குள் உங்களுக்குப் போன் செய்திருப்பார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். நான் போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் அறையில் நாலு பேர் இருக்கிறார்கள், நீங்கள் ம், ம் என்று மட்டும் சொல்வீர்கள், எனக்கு முக்கியமானது எல்லாம் விட்டுப்போகும். மைதீன் வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தீபாவளிக்கு முறுக்கும் மனோலமும் தனிப் பொட்டலம். பிரஷர் மாத்திரை இரண்டு மாசத்துக்கு இருக்கிறது, ராத்திரி வேளை விட்டுவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். இந்த மாசம் இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மெயில் அனுப்பினால் ரோஸ் டீச்சருக்கு வேலை இருக்கும். அனுப்பாவிட்டால் இருக்காது. அது ஏன் உங்கள் தலையில் வந்து நிற்கிறது என்று முதலிலிருந்து சொல்கிறேன். காரணம் நான்.

பதினொன்றாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு இந்த வருஷம் ரோஸ் டீச்சர் வந்தது உங்களுக்குத் தெரியும். வித்துராவிலிருந்து பஸ்ஸில் வருகிறார், ஒரு வருஷக் காண்ட்ராக்ட். பாடப் புத்தகம் போக, பிள்ளைகளை இரண்டு கதைப் புத்தகம் சேர்த்துப் படிக்கச் சொன்னார். ஒன்று நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தினது. மற்றது இந்தக் காலத்தில் ஆதிரா வயசுப் பிள்ளைகளுக்கென்றே எழுதினது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். ஆதிரா இரண்டுக்கும் என்னையே அட்டை போடச் சொன்னாள், போட்டேன். காப்பி ஆறினாலும் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் புத்தகத்தை அவள் அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை.

அஷ்டமி சாயங்காலம் வழக்கம்போலப் புத்தகங்களைப் பூஜை வைத்தேன். அவள் புத்தகம், என் ஸ்தோத்திரப் புத்தகங்கள், என் வரவு செலவு நோட்டு, பேனா பென்சில் உட்பட எல்லாம். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை நம் வீட்டில் ஒரு எழுத்துப் படிப்பதில்லை, எழுதுவதில்லை. அடுக்கும்போது அந்தப் புதுப் புத்தகம் கை தவறி விழுந்து திறந்துகொண்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பதினாறு வயசுப் பெண், நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு வில்சனோடு புறப்படப் போகிறேன், அம்மாவுக்குத் தெரியக்கூடாது, பணம் தலையணை உறைக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதற்குள் விளக்கேற்ற நேரமாயிற்று. மூடி, அடுக்கில் வைத்து, பட்டுத் துணியைப் போட்டு மூடிவிட்டேன். ஆதிராவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நவமி. பிரேமா வீட்டுக் கொலுவுக்குப் போனேன். சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில், பிள்ளைகள் என்னத்தையெல்லாம் படிக்கிறார்கள் பார்த்தாயா என்று பிரேமாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது என்று சொல்லி ஒதுங்கிவிட எனக்கு ஆசைதான். கிருஷ்ணகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மைனி, இன்னொருக்க சொல்லுங்க, எந்தப் பக்கம், யார்கூட பஸ் ஏறுகா என்று கேட்டார். நானும் இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் பையன் பிரவின்ராஜும் அதே வகுப்பு. அவன் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். அதுவும் பூஜையில் இருந்தது. அங்கே வந்திருந்த நாலு வீட்டுப் புத்தகமும் பூஜையில்தான். யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆகையால் நான் சொன்ன அரைப் பக்கம்தான் அன்றைக்கு அங்கே இருந்த மொத்தப் புத்தகமும்.

புகாரை அவர் போனிலேயே டைப் செய்தார். நவமியாச்சே என்று பிரேமா சொன்னதற்கு, டைப் அடிக்கதெல்லாம் எழுத்துல சேராதுட்டி, பேனா தொட்டாத்தான் தோஷம் என்றார். எல்லோரும் சிரித்தோம். பிரிண்ட் எடுத்து வந்து தாம்பூலத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி, அதன்மேல் அந்தத் தாளும் ஒரு பேனாவும். உங்களுக்கு வீடியோவில் போன் போட்டதும், நீங்கள் கிருஷ்ணகுமார் சொல்றபடி செய் என்றதும் அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாளர் என்று உங்கள் பெயர்தானே இருக்கிறது. ஆகவே குற்றாலலிங்கத்துக்காக என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். டைப் அடிப்பதைப் பற்றி அவ்வளவு நியாயம் பேசிவிட்டு, ஐந்து பெண்களும் பேனாவைத் தொட்டோம். ஒருத்திக்கும் உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் நவமியன்று நான் பேனா எடுத்தது அது ஒரு நாள்தான்.

மறுநாள் கோயிலில் பூஜை செய்யும் போற்றியிடம் சொன்னேன். அறியாமச் செஞ்சதுக்கு அம்மை கோவிச்சுக்க மாட்டா, விழுந்து கும்பிட்டுட்டுப் போ என்றார். கும்பிட்டேன். சாமியிடம் செய்த தப்பு அதோடு சரியாயிற்று.

விஜயதசமியன்று புத்தகங்களை எடுத்ததும் ஆதிரா அந்தப் புத்தகத்தோடு உள்ளே போனாள். மதியம் பிரவின்ராஜ் மூலம் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் முன்னால் வந்து நின்று, அம்மா நீ அதை வாயிச்சியா என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாதி மலையாளம் ஆகிவிடும். ஒரு பக்கம் படித்தேன் என்றேன். ஒரு பக்கமா, ஒரு பக்கம் படிச்சுட்டா டீச்சரைப் பறைஞ்சே என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஐந்து நாள், சாதம் போதும், குழம்பு வேண்டாம் என்பதைத் தவிர என்னிடம் பேச்சில்லை.

படித்தேன். ஒன்பது நாள், இருநூற்றுப் பதினாலு பக்கம். முதல் நாள் பதினோரு பக்கம்தான் ஓடியது. நான் பள்ளிக்கூடம் போனது ஆறு வருஷம் என்றாலும், ஆதிராவின் எல்.கே.ஜி. முதல் அவள் புத்தகம் ஒவ்வொன்றையும் அவள் போன பிறகு எடுத்து நானும் படித்து வந்திருக்கிறேன். அந்தக் கணக்குக்கு நானும் இப்போது பதினொன்றாவது. தெரியாத வார்த்தைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் ஆதிரா அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் நேராக அர்த்தம் எழுதி வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தைக்கு மட்டும், இது உனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாள். ஆறாம் நாள் பேசினாள்.

அத்தான், அந்த வில்சனுக்கு அறுபத்தெட்டு வயசு. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மேன். எண்பதாம் பக்கத்திலேயே அவர் வந்துவிடுகிறார். நான் நடுவில் நுழைந்ததால் தெரியவில்லை. அந்தப் பெண் ஓடிப்போகவில்லை. அவள் அப்பா துறைமுகத்து ஊரில் வேலைக்குப் போனவர், வேலை போய்விட்டது, அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு ஒரு லாட்ஜில் கிடக்கிறார். வரும் கடிதங்களில் முத்திரை மாறியிருப்பதைப் போஸ்ட்மேன் பார்த்துச் சொல்ல, அம்மா தாங்கமாட்டாள் என்று இரண்டு பேரும் தேடிப் போகிறார்கள். அவரைக் கண்டுபிடித்ததும் அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை. மூன்று டீ சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அரிசி களையப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப எடுக்க முடிந்தது.

பழைய புத்தகத்தையும் ஆதிராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் ஒரு ஜமீன்தார் சொத்துக்காகச் சொந்தத் தம்பியைக் கிணற்றில் தள்ளுகிறான். அது தெரிந்தும் ஒருத்தி அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அதைப் பற்றி இந்தப் புகாரில் ஒரு வரி இல்லை. தடிப் புத்தகம், பொடி எழுத்து, பழசு என்பதால் மரியாதை கொடுத்துவிட்டோம் போல.

இரண்டையும் வைத்து ஆதிரா பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். டீச்சர் திருத்திக் கொடுத்த நோட்டை என்னிடம் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் அப்பாக்களைப் பற்றி எழுதியிருப்பதை நான் இங்கே எடுத்தெழுதவில்லை. அது அவள் உங்களிடம் நேரில் காட்ட வேண்டியது. நீங்கள் வந்து மூன்று வருஷமும் நாலு மாசமும் ஆகிறது.

இனி நேற்றைய கூட்டம். பிரின்சிபால் அம்மா, புத்தகத்தை யாரெல்லாம் படித்தீர்கள் என்று கேட்டார். அதற்குக் கிருஷ்ணகுமார், சாக்கடைன்னு தெரிய அதுல இறங்கணுமா மேடம் என்றார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ரோஸ் டீச்சர் அழுது பேசுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. பிள்ளைகள் படிப்பதே இல்லை என்றுதான் இத்தனை நாள் பெற்றவர்கள் என்னிடம் குறை சொன்னது, இப்போது நாற்பது பேரும் படித்து முடித்திருக்கிறார்கள், அதற்காகக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று மலையாளத்தில் சாதாரணமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, சேச்சி கண்டது எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நான் எழுந்து, புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, நூற்றுப் பன்னிரண்டு என்றேன். அன்றைக்கு அரைப் பக்கம் படித்துவிட்டுச் சொன்னேன், அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன், நான் சொன்னது தப்பு என்றேன். மலையாளமும் தமிழும் கலந்து வந்தது. பிரேமா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். கிருஷ்ணகுமார் சிரித்துக்கொண்டே, மைனி இங்கிலீஷ் நாவல் வாசிச்சுட்டாளாம், இனி நாம எல்லாரும் டியூஷனுக்கு வந்துர வேண்டியதுதான் என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிடுகேன், நீங்க உக்காருங்க என்றார். நான் உட்காரவில்லை.

பிரின்சிபால் அம்மா புகாரை மறுபடி வாசித்தார். அதில், குற்றாலலிங்கம் குடும்பத்தார் இந்தப் பக்கத்தை நேரில் கண்டு உறுதி செய்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற நாலு கையெழுத்தும் அந்த வரியை நம்பிப் போட்டவை. அந்த வீட்டார் வாபஸ் வாங்கினால் மேனேஜ்மென்ட் முன்னால் வைக்கப் புகாரே இல்லை, ஆனால் கையெழுத்து அப்பாவின் சார்பில் இருக்கிறது, அவர்தான் எழுதித் தரவேண்டும் என்றார். இருபத்தைந்தாம் தேதி மேனேஜ்மென்ட் கூடுகிறது. அதுவரை டீச்சர் வகுப்புக்குப் போகக்கூடாது. அன்றைக்கு இந்தப் புகார் அவர்கள் மேஜையில் இருந்தால் காண்ட்ராக்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்று கிளார்க் என்னிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

டீச்சர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோவுக்கு நின்றிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் அந்த அப்பா வீட்டுக்கு வருவாரா மாட்டாரா, புத்தகத்தில் அது சொல்லாமலே முடிகிறதே என்று கேட்டேன். அதைத்தான் பிள்ளைகளிடமும் கேட்டேன் சேச்சி, நாற்பது பேரும் நாற்பது விதமாகச் சொன்னார்கள் என்றார். ஆட்டோ வந்துவிட்டது.

நீங்கள் யோசிப்பது எனக்குத் தெரியும். கிருஷ்ணகுமாரின் அண்ணன் சொல்லித்தான் உங்களுக்கு அந்தக் கம்பெனியில் இடம் கிடைத்தது. ஜனவரியில் உங்கள் காண்ட்ராக்ட்டும் புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதவில்லை. இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷர் நமக்குச் செய்த உதவி பெரிசு. அதற்கு வேறு எந்த விதத்தில் வேண்டுமானாலும் நாம் நன்றி காட்டலாம். என்னுடைய அரைப் பக்கத்துக்காக இன்னொரு பெண்ணின் வேலையைக் கொடுத்துக் காட்ட வேண்டாம். டீச்சருக்கும் காண்ட்ராக்ட்தான், உங்களைப்போல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று அங்கிருந்து வருவதற்கு முன்னால் என் பெயரில் ஒரு தாள் எழுதிப் பிரின்சிபாலிடம் கொடுத்துவிட்டேன். புத்தகத்தை முழுக்கப் படித்தேன், என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன் என்று. அது ஃபைலில் சேராது என்றாலும் வாங்கி வைத்துக்கொண்டார். உங்களைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டது நம் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், ஆதிராவிடம் காட்ட வேண்டாம். அவள் என்னை எழுதச் சொல்லவில்லை. அப்பா செய்யமாட்டார் அம்மா, விடு என்றுதான் சொன்னாள்.

மெயிலில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். என் மனைவி என் சார்பில் இட்ட கையெழுத்தை நான் வாபஸ் பெறுகிறேன் என்ற ஒரு வரியும், உங்கள் பெயரும், ஆதிராவின் வகுப்பும் போதும். பள்ளிக்கூடத்து மெயில் விலாசத்தை இதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆற்றுகாலம்மை உங்களை நோயில்லாமல் வைத்திருக்கட்டும். முடியாது என்பதுதான் உங்கள் முடிவு என்றால் அதையும் எனக்குத் தெரிவித்துவிடுங்கள். வித்துராவுக்குப் போய் டீச்சரிடம் அதை நான்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் மைதீனிடமிருந்து இது கைக்கு வந்த அன்றைக்கே படித்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள்.

அனந்தலக்ஷ்மி