வசம்பு என்று நான் சொன்ன ஐரிஸ்

12.3.2006, ஞாயிறு
ஐரிஸில் மொட்டு! நாலு வருஷம் காத்திருந்தேன். நான் தோட்ட வேலை பார்த்த பங்களாவை, ரோட்டை அகலப்படுத்த இடித்தபோது, புல்டோசர் வருவதற்கு முன்னால் தோண்டி எடுத்து வந்த கிழங்கு. வீட்டுக்கார அம்மாவின் மாமியார் வைத்ததாம். அங்கே ஒரே ஒரு தடவை பூத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று இதழ் மேலே, மூன்று கீழே, கருநீலம். கீழ் இதழ்களின் நடுவில் மஞ்சளாக ஒரு மீசை. திராட்சை வாசனை வேறு. இப்போது வேலை பார்க்கும் கம்பெனித் தோட்டத்தில் தினமும் நூறு ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறேன், ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

இந்த லைன் வீட்டு ஜனங்களை நினைத்தால்தான் எரிச்சல். போன வருஷம் பூக்கட்ட நார் இல்லையென்று இதன் இலையைக் கிழித்தார்கள். எத்தனை தடவை கத்துவது? கடைசியில், "இது வசம்பு, குழந்தை மருந்து, கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். இலையும் கிழங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அதன்பிறகு ஒருத்தரும் தொடவில்லை. பொய்தான். வேறென்ன செய்ய?

16.3
மொட்டு நுனியில் நீலம் தெரிகிறது. ஞாயிறு விரிந்துவிடும்.

18.3, சனி
தோண்டிவிட்டாள். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி. வேலை முடிந்து வந்து பார்த்தால் மொட்டு மண்ணில் கிடக்கிறது, கிழங்கைக் காணோம். ஓரத்தில் ஒரு சின்னக் கன்று மட்டும் மிச்சம்.

"பாப்பாவுக்கு வயிறு உப்பிக்கிச்சுக்கா. நீ வேலைக்குப் போயிட்ட, யாரக் கேக்கறது? ஒரு துண்டுதான..."

அவள் வாசலில் சுட்ட கிழங்கு, உரசிய கல். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். திருடி என்றேன். கேக்காம எப்படிடி தோண்டுவ? நாலு வருஷம்டி! கதவை அறைந்து சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

சுட்ட கிழங்கு. உரசிய கல்.

ஐயோ, குழந்தை நாக்கில் —

20.3
எட்டு மாதக் குழந்தை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோதே உதடு வீங்கி, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து ஓசூருக்கு ஓடினோம். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "வசம்புதான் சார்" என்றாள் மாதேஸ்வரி, கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

"வசம்பு இல்ல சார். பூச்செடி. நான்தான் பொய் சொல்லி வச்சிருந்தேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி, இன்றைக்குத்தான் குழந்தை பால் குடித்தது.

2.4
குழாயடியில் என்னைப் பார்த்ததும் பாதிக் குடத்தோடு போகிறாள். போகட்டுமே. கேட்காமல் தோண்டியது அவள்தானே? அதைக் கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? எப்படி எழுதினாலும் கோபம் அவள்மேல் நிற்க மாட்டேன் என்கிறது. அவள் பிள்ளைக்கு வயிற்றுவலி தீரட்டும் என்று தோண்டினாள். நான் மொட்டுக்காகக் கத்தினேன், குழந்தைக்குக் கொடுத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனியன் பிடித்த வாய்.

11.3.2007, ஞாயிறு
மிச்சமிருந்த கன்று பூத்துவிட்டது. கருநீலம், மஞ்சள் மீசை, திராட்சை வாசனை, எல்லாம் அப்படியே. லைன் முழுக்க வந்து பார்த்தது. மாதேஸ்வரியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை பூவைத் தொடக் கை நீட்டியது. வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்து என்னிடம் பேசினாள்.

"நல்லாருக்குக்கா. இது என்ன பூவு? இப்பவாச்சும் நெஜத்தச் சொல்லு."

ஐரிஸ் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை.