உள்ளே வந்து கூப்பிடு

செவ்வாய், இரவு.

நாளைக் காலை தம்பி ஆன்டோவுக்கு டான்சில் ஆபரேஷன். சந்தைக்குப் போகிறோம் என்று அம்மா அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையை அப்படி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாலையில் உள்ளதைச் சொன்னேன். மயக்க மருந்து எப்படி என்று காட்ட, ஒரு கொட்டாங்குச்சியை மூக்கின்மேல் கவிழ்த்துக்கொண்டு தரையில் படுத்தேன். அவன் கூப்பிட்டான். நிஜம்போல இருக்கட்டும் என்று அசையாமல் கிடந்தேன். என் கன்னத்தில் அறைந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாக்கா, இத்தினி வாட்டி கூப்புடறேன், செத்துட்டியா?"

"சும்மாடா."

"நான் முழிச்சிக்கலன்னா?"

"நான் கூப்புடறேன். முழிச்சிக்குவ."

"வெளிய நின்னு கூப்ட்டா கேக்காது. வுள்ள வந்து கூப்புடு."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஆபரேஷன் அறைக்குள் யாரையும் விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். சந்தைக் கதையைக் கெடுத்ததற்காக அம்மா என்னோடு பேசவில்லை. அதனால் நர்ஸிடம் நான்தான் கேட்க வேண்டும். கடையில் உப்பு கேட்கவே எனக்கு வாய் வராது.

'சிஸ்டர், அவன் கண் விழிக்கும்போது மட்டும்' என்பதுவரை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அதற்குமேல் வரவில்லை.

ஆன்டோ பாயில் புரள்கிறான். கண்ணை மூடவே மாட்டேன் என்கிறான்.