ஆளுக்குப் பாதி பிளேடு

அண்ணே,

இன்று டாலிகஞ்ச் சலூனில் என் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் ஒரு பிளேடை உறையோடு மடித்து டக்கென்று இரண்டாக ஒடித்தார். அந்தச் சத்தத்தில் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். கூடவே என் கோபமும் வந்தது.

பாராடாங் தீவில் சொந்தமாகச் சலூன் வைத்திருந்தவர் நீங்கள். ஓர் அடிதடி வழக்கில் உள்ளே வந்து, ஜெயிலிலும் அதே வேலையைப் பார்த்தீர்கள். நான் கைதிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் செவ்வாய்தோறும் அங்கே வருகிறவள். ஒரே பிளேடில் பத்துப் பேருக்குச் சவரம் நடந்த இடத்தில், ஆளுக்குப் பாதி பிளேடு என்று சட்டம் போட்டீர்கள். பிளேடு தீர்ந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. "தாடி வளந்தா யாரும் சாக மாட்டாங்க மேடம்" என்பீர்கள்.

ஆணுறையும் வேண்டும் என்று என்னிடம் முதலில் கேட்டவர் நீங்கள்தான். "ராத்திரி பாரக்ல கைதிங்களுக்குள்ள என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் மாலூம், தெரியும். சொல்றதுக்குத்தான் வெக்கம்." ஒரு பெட்டி கொண்டுபோனேன். அதிகாரி திறந்துகூடப் பார்க்கவில்லை. "இங்க ஆம்பளைங்க மட்டும்தானே இருக்காங்க, கிஸ்கே லியே?" யாருக்காக என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் "சரி சார்" என்று பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த வார்த்தைக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீங்கள் உள்ளே வந்தபோது நானே எடுத்த பரிசோதனையில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் எச்.ஐ.வி. இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எல்லாரையும்போல் வாழலாம் என்றேன். அது பொய்யில்லை அண்ணே.

ஆனால் மருந்து நாளன்று ஒரு வார்டர் பாரக் வாசலில் நின்று கத்தினார். "எய்ட்ஸ்வாலா எல்லாம் லைன்ல வாங்க." முதலில் வாசித்தது உங்கள் பெயரை. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. ஆளுக்குப் பாதி பிளேடு போட்ட கையைப் பார்த்துப் பயந்தார்கள். இன்னொருவரிடம் போய், ஒரே பிளேடில் வரிசையாகச் சவரம் செய்துகொண்டார்கள்.

பிறகு நீங்கள் மருந்துக்கு வரவேயில்லை. நான் வந்து கெஞ்சினேன். "எல்லார் பேரையும் கூப்பிடச் சொல்லுங்க மேடம். அப்ப வர்றேன்." அவ்வளவுதான் கேட்டீர்கள். நான் எழுதிய மனு மேசை மேசையாகப் போய் வருவதற்குள் மருந்தில்லாத உடம்பில் காசநோய் புகுந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. இறப்புக்குக் காரணம் என்று நோயின் பெயரை எழுதினார்கள். வார்டரின் வாயை யாரும் எழுதவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எல்லாரையும் கூப்பிடுகிறோம். பிரஷர் பார்ப்பதாகச் சொல்லி ஒவ்வொருவராக அறைக்குள் விடுகிறோம். மாத்திரை யாருக்கு என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு சுலபமான காரியம். உங்களுக்காக இதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆணுறைப் பெட்டியை மட்டும் இன்னும் வாங்க மறுக்கிறார்கள். போன வாரமும் அதே சிரிப்பு, அதே "கிஸ்கே லியே?" இந்தத் தடவை நான் "சரி சார்" சொல்லவில்லை. "உள்ள இருக்கிறவங்களுக்கு சார்" என்று மேசைமேல் வைத்தேன். திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டி என் பையில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் கொண்டுபோவேன்.