யாஸ்மினின் சவுக்குக் கன்றுகள்

3 பிப்., செவ்வாய்
தைப்பூச லீவு முடிந்து வேலை. மழை இல்லை. நர்சரி வலைக்குள் அடுப்படிச் சூடு. கடற்கரை உப்பை எது தாங்கும் என்று பார்க்க, கன்றுகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்து ஆறாவது வாரம்.
என் புன்னை: நாற்பதில் பதினொன்று போச்சு. மீதியும் இலை நுனி கருகல்.
யாஸ்மினின் சவுக்கு: நாற்பதில் இரண்டே இரண்டு.
அவள் வந்து எட்டு மாதம். நான் பன்னிரண்டு வருடம். எங்கள் போஸ், ஆய்வை நடத்தும் டாக்டர், அவள் கன்றுகள் முன்னால் குனிந்து, "நல்லா தாங்குது லா! மணல் கரையில இதையே நடலாம்." என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

5 வியாழன்
யா. அவள் அத்தா கடையிலிருந்து நாசி கண்டார் சோறும் கறியும் கொண்டுவந்தாள். "அக்கா, உங்களுக்கு நண்டு தனியா வச்சேன்." ருசிதான். அதுவும் எரிச்சல்.
வாங்க: சவர்க்காரம், முட்டை, அம்மா மருந்து.

8 ஞாயிறு
தண்ணீர் ஊற்ற என் முறை. யாருமில்லை. வாரக் கடைசிக்கு அவரவர் உப்புத் தண்ணீர்ப் பீப்பாயை வெள்ளிக்கிழமையே கலந்து வைப்போம். யா. பீப்பாயிலிருந்து எடுத்த வாளிகளில் மட்டும் இன்னும் நாலு நாலு கை உப்பு. கலக்கி ஊற்றினேன்.
வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

11 புதன்
சவுக்கு பாதிக்கு மேல் பழுப்பு. போஸ் கத்தினார். யா.: "நான்தான் தப்பா அளந்திருப்பேன், டாக்டர்." அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்து.
பிறகு என்னிடம்: "எங்க தப்பு விட்டேன்க்கா? நீங்கதானே அளக்கச் சொல்லிக் கொடுத்தீங்க."
தண்டாஸில், கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

12 வியாழன்
ஏழு மணிக்கே போய், அவள் கன்றுப் பைகளில் நல்ல தண்ணீர் விட்டேன், உப்பு அடியில் வழியட்டும் என்று. யா. வந்துவிட்டாள்.
"என்னக்கா பண்றீங்க?"
"ஞாயித்துக்கிழமை உப்பைக் கூடப் போட்டது நான்தான்."
"என் மேல என்ன கோவம்?"
"கோவம் இல்ல. பொறாமை."
குழாயைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"
நானே சொன்னேன்.

16 திங்கள்
ஆறு வாரமும் வீண். எல்லாம் முதலிலிருந்து. என்னைப் பூச்செடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, அதுவரை சரி.
யா. முகம் கொடுப்பதில்லை. என் இடத்துக்கு ஒரு புதுப் பெண். வலைக்கு அந்தப் பக்கம் யா. அவளுக்கு உப்பு அளக்கக் காட்டுகிறாள். ஏதோ சொல்லி இருவரும் சிரிப்பு.
இப்போது அந்தப் புதியவள் மேல் வயிறு எரிகிறது.