வெளியே கேட்கும் கிதார்

ஏனுங்க,

தாராபுரம் வேலை முடிந்து சனிக்கிழமை வருவதாகச் சொன்னீர்கள். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நேரில் என்றால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

லின்சிக்குக் கிதார் வாங்க உக்கடத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

"புதுசாக் கத்துக்கறவங்களுக்கு எலக்ட்ரிக் சுலபமுங்க. விரல் அவ்வளவா வலிக்காது. ஹெட்போன் மாட்டிக்கிட்டா வெளிய சத்தமே கேக்காதுங்க. அக்கூஸ்டிக்னா ஊடு பூராக் கேக்குமுங்க" என்றார் கடைக்காரர்.

லின்சி அக்கூஸ்டிக்கை மடியில் வைத்து ஒரு தடவை மீட்டினாள். கடையே அதிர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். உடனே உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிவிட்டு என் காதருகே வந்தாள்.

"எலக்ட்ரிக்கே வாங்கலாம்மா. அப்பாவுக்குக் கேக்காது."

நீங்கள் குரலை உயர்த்துவதற்கு முன் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்துவீர்களே, அதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இப்போதெல்லாம் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் அவளே போய்ச் சாத்திவிடுகிறாள். நீங்கள் கவனித்தீர்களா, தெரியவில்லை.

அக்கூஸ்டிக்தான் வாங்கியிருக்கிறேன். விரல் வலிக்கும், பழகிக்கொள்வாள்.

சனிக்கிழமை நீங்கள் வரும்போது வாசித்துக்கொண்டிருப்பாள். தெருவுக்கே கேட்கும். ஜன்னல்களைச் சாத்தப் போகாதீர்கள். தாழ்ப்பாள்களை எல்லாம் நான் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா